நாலு என்று சொன்ன குரல்

டில்லிபாபு புது வீட்டில் பால் காய்ச்சியபோது நான் போயிருந்தேன். சலீம் வந்திருந்தான். பழவேற்காட்டிலிருந்து ஒரு பை நிறைய இறால் கொண்டுவந்து, ஹோமம் நடக்கிற வீட்டில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் காரிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். லோகு வரவில்லை. அவன் கத்தாரில் இருக்கிறான். ஆக, நான்கு பேரில் மூன்று பேர்.

திருநின்றவூரில் வீடு கட்டுகிறவர்கள் பலரையும் போல டில்லியும் வேலை முடிவதற்கு முன்பே நாள் பார்த்துவிட்டான். ஐயர் கிளம்பிய கையோடு, வாசலில் கிரில் கேட்டைப் பொருத்த வெல்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். வெல்டிங் ராடு எரிகிற வாடை பந்தல் முழுக்கப் பரவியது. அந்த வாடை உங்களுக்குப் பழக்கமா? மூக்கில் ஏறினால் நாக்கில் பழைய காசு வைத்ததுபோல ஒரு ருசி வரும். எனக்கு அது வந்தால் இரண்டு இரும்புக் கதவுகள் ஞாபகம் வரும். ஒன்று நிஜம். மற்றது கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

டில்லி தன் மனைவியிடம் என்னைக் காட்டி, “இவன்தான் எங்க டீமு வெல்டரு. இவனையே ஒருவாட்டி வெளிய வெச்சுப் பூட்டிட்டோம்” என்று சிரித்தான். அப்புறம் சலீம் பக்கம் திரும்பி, “இப்ப சொல்லிடலாமாடா? இத்தினி வருஷம் ஆச்சு” என்றான். சலீம் தன் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தான்.

டில்லி சொன்னதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கதவு எதுவென்று தெரியாமல் அதைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்புதான் வரும்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெரிய பெரிய இரும்பு டாங்குகள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் நால்வரும் டிரெய்னி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான்தான். என் டிப்ளமோ சான்றிதழை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில் மாட்டியிருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் படித்தவனுக்கு ஒரு வியாதி இருக்கும்: எழுதிப்போட்டதையெல்லாம் அப்படியே நம்புவான். தொழிற்சாலைச் சுவரில் ‘கவனம் உயிர் காக்கும்’ என்று எழுதியிருந்தால், மற்றவர்கள் அதில் சாய்ந்து டீ குடிப்பார்கள். நான் நின்று படிப்பேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. டாங்குக்குள் இறங்குகிறவன் வெளியே பலகையில் தன் பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுத்தான் இறங்கவேண்டும். வேலை முடிந்து டாங்கின் இரும்புக் கதவை மூடுவதற்கு முன் ஃபோர்மேன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வாய்விட்டு எண்ணச் சொல்வார். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவனவன் எண் அவனவன் வாயால் வரவேண்டும். ஒருநாள் ஒருவன் பீடி பிடிக்கப் போனவனுக்காக, “அஞ்சு... அவன் அங்க கீறான் சார்” என்றான். ஃபோர்மேன் அவனை வேலை செய்யவிடாமல், அன்று முழுக்க கேட் அருகே உட்காரவைத்தார். “நீ பாத்தியா? அவன் வாயி உன்கிட்ட கீதா?” என்று அவர் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது.

ஷிப்டு முடிந்தால் நாங்கள் போகிற இடம், ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பாய் கடை. சலீமின் சித்தப்பா வைத்திருந்த பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, ஏசியின் கீழே ஒரு பக்கெட். உள்ளே நுழைந்தால் ஈரச் சாக்கும் சமோசாவும் கலந்த மணம். அம்மாவிடம் நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போவதாகச் சொல்லியிருந்தேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. நான் அங்கே நோட்டுப்புத்தகத்தோடுதான் போனேன்.

நோட்டில் எழுதியது இதுதான். நாங்கள் ஆடியது நால்வர் சேர்ந்து ஆடும் ஒரு பேய் கேம். பாழடைந்த கட்டடம், ரவுண்டு ரவுண்டாகப் பேய்கள் வரும், விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்று பேர் சுடுவார்கள். நான்காமவன் சப்போர்ட். அவன் முதுகுப் பையில்தான் எல்லாருக்குமான தோட்டா, மருந்துப் பெட்டி, மரப்பலகை. அவன் கையில் ஒரு வெல்டிங் கருவி. உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடிப்பதும், இரும்புக் கதவை உள்ளிருந்து பற்றவைத்து மூடுவதும் அவன் வேலை. மற்றவர்களிடமும் சின்னதாக ஒரு வெல்டிங் கருவி இருக்கும், ஆனால் அதால் பற்றவைத்த கதவு பாதி நேரமும் தாங்காது.

யாரும் சப்போர்ட் எடுக்கமாட்டார்கள். முதல் நாள் எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாமல் மூன்று முறை டில்லியின் முதுகில் சுட்டேன். “நைனா, உன் கால்ல வியறேன், துப்பாக்கியத் தொடாத. நீ போய்க் கதவப் பாரு” என்றான் டில்லி. அவன் ஆந்திரா எல்லையோரம் ஆரம்பாக்கத்துக்காரன். எல்லாரும் அவனுக்கு நைனா. அப்படித்தான் நான் கதவுக்காரன் ஆனேன். எந்தக் கதவுக்கு எத்தனை நொடி பற்றவைக்க வேண்டும், எந்த ஜன்னல் முதலில் உடையும், சலீம் ஒரு ரவுண்டில் எத்தனை தோட்டாவை வீணடிப்பான் என்பதெல்லாம் என் நோட்டில் இருந்தது. ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் திரையில் யார் எத்தனை பேயைக் கொன்றார்கள் என்று பட்டியல் வரும். லோகு பதினாறு, டில்லி பன்னிரண்டு, சலீம் பத்து. கடைசியில் என் பெயர், பக்கத்தில் இரண்டு. சில நாள் சைபர்.

டோக்கன் வழக்கத்தை நான்தான் கேமுக்குள் கொண்டுவந்தேன். கதவைப் பற்றவைக்குமுன் எண்ணச் சொல்வேன். முதலில் சிரித்தார்கள். ஒருமுறை சலீம் வெளியே மாட்டிக்கொண்டு செத்த பிறகு அவர்களே எண்ண ஆரம்பித்தார்கள். டில்லி ஒண்ணு, லோகு ரெண்டு, சலீம் மூணு, நான் நாலு. நாலு என்றதும் கதவில் பொறி பறக்கும். அந்த நாலைச் சொல்கிறபோது எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் கேலி செய்வீர்கள். பட்டியலில் கடைசி ஆள்தான், ஆனால் நான் சொல்லாமல் கதவு மூடாது.

லோகுவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு டைபாய்டு வந்தபோது அவன்தான் கஞ்சி வைத்தான். கேமில் என் மருந்துப் பெட்டி முதலில் போவது அவனுக்குத்தான். “மச்சி, நீ இருந்தா நான் திரும்பியே பாக்கமாட்டேன்” என்பான். திரும்பிப் பார்க்காமல் சுடலாம் என்ற அர்த்தத்தில்.

திருவள்ளூரில், ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் இருந்த ஒரு சென்டர் போட்டி அறிவித்தது. நான்கு பேர் கொண்ட அணி. அதிக ரவுண்டு தாக்குப்பிடிக்கும் அணிக்குப் பரிசு. செத்தவன் செத்தவன்தான், அடுத்த ரவுண்டில் எழுந்து வரமுடியாது. போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமையே நான் செவ்வாப்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து திருவள்ளூர் பக்கம். மற்ற மூவரும் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை போய், வண்டி மாறி வந்தார்கள். நான் அவர்களுக்கு முன்பே போய் மாடிப்படியில் நோட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்பதுபோல.

ஐந்து ரவுண்டு பிசகில்லாமல் போனது. ஆறாவது ரவுண்டுக்கு முன் சலீம், “தோட்டா இல்லடா” என்றான். பையை நிரப்ப வராந்தாக் கோடியில் இருந்த பெட்டிக்கு நான் ஓடவேண்டும். போக வர இருபது நொடி. ஓடினேன், நிரப்பினேன், திரும்பினேன். அப்போது டில்லி எண்ணினான்.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.”

நான் வாயைத் திறக்குமுன் என் பக்கத்து நாற்காலியிலிருந்து லோகுவின் குரல் வந்தது. “நாலு.”

கதவு விளிம்பில் பொறி பறந்தது. அதுவரை உள்ளிருந்துதான் அதைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“டேய், நான் வெளிய கீறேன்டா! லோகு! வெளிய கீறேன்!”

லோகு திரும்பவில்லை. அவன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவு பக்கம். என் திரை சாம்பல் நிறமானது. செத்தவனுக்கு மற்றவர்கள் ஆடுவதை மேலிருந்து பார்க்கும் வசதி உண்டு. பார்த்தேன். ஆறாவது ரவுண்டை முடித்தார்கள். ஏழாவதில் லோகு பற்றவைத்த கதவு பிய்ந்துவந்தது. தோட்டா என் பையில், பை வராந்தாவில். மூன்று பேரும் ஒரு மூலையில் வெறுங்கையோடு நின்று செத்தார்கள். ஜெயித்த அணி ஒன்பது போனது.

கீழே இறங்கியதும் லோகு எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தான். “பழக்கத்துல வாயில வந்துருச்சு மச்சி. பேஜாராப் பூட்ச்சு.” நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், ரயிலில் திரும்பும்போது செவ்வாப்பேட்டை வரும்வரை, அந்தக் கதவுக்கு எத்தனை நொடி பிடித்திருக்க வேண்டும் என்று நோட்டைத் திறந்து அவனுக்கு விளக்கினேன். அவன் தலையாட்டிக் கேட்டான்.

இப்போது டில்லி சொன்னது. “ஆள் கொறஞ்சா பேயும் கொறையும் இல்ல நைனா? நாலு பேருக்கு நாப்பது வந்தா, மூணு பேருக்கு முப்பது. நீ அடிக்கிறது ரெண்டு. உன்ன விட்டா எட்டு லாபம். லோகுதான் கணக்குப் போட்டான். ட்ரெயின்லயே பேசிக்கினு வந்தோம். தோட்டா கேக்கறது சலீமு. நாலுன்னு யாரு சொல்றதுன்னுதான் இழுத்துக்கினு இருந்துச்சு. லோகு, ‘நான் சொல்றேன், நான் சொன்னா நம்பிடுவான்’னான்.” பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “கோச்சுக்காத, கேமுதானே” என்று என் இலையில் இன்னொரு வடை வைத்தான்.

சலீம் மட்டும், கை கழுவுகிற இடத்தில், “நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்டா” என்றான். சொல்லியிருக்கலாம்.

பாய் கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடை. திருவள்ளூர் மாடியில் டியூஷன் சென்டர். தொழிற்சாலையில் பித்தளை டோக்கன் போய் அட்டை வந்துவிட்டது என்கிறார்கள். தேய்த்தால் இயந்திரமே எண்ணிக்கொள்ளுமாம். போட்டிக்குப் பிறகும் நாங்கள் நாலைந்து மாதம் சேர்ந்து ஆடினோம். நான் ஒவ்வொரு முறையும் உரக்க நாலு சொன்னேன், லோகு ஒவ்வொரு முறையும் அதற்காகக் காத்திருந்தான். அவன் வைத்த கஞ்சி நிஜம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெல்டர் கேட்டை முடித்து மிஷினை அணைத்தபோது, அந்த அறை, அந்த டைபாய்டு, அந்த ரோஸ் மில்க் எல்லாவற்றையும் நான் மறுபடி வெளியிலிருந்து பார்க்கவேண்டியிருந்தது.

என்னைக் கழித்துவிட்டு அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு, நுழைவுக் கட்டணம் நானூறு ரூபாய். தலைக்கு நூறு. அதில் ஒரு நூறு நான் கொடுத்தது.