நாற்பது கேள்விகளும் ஒரு நர்ஸும்

கடல் தாண்டி வந்து ஏழு வருஷமாகியும் அவள் வாயில் அடிக்கடி வந்தது ஒரே பேச்சு, "இதோ வரேன்." எட்டாம் கட்டில் நோயாளி கூப்பிட்டாலும் அதுதான், டாக்டர் கூப்பிட்டாலும் அதுதான். ஒரே அறையில் தங்கியிருந்த சிநேகிதி அதையே அவளுக்குப் பேராக வைத்துவிட்டாள். சிநேகிதிக்கும் அதே வார்டில்தான் வேலை.

ஒரு நாள் நிர்வாகம் எல்லா நர்ஸுகளுக்கும் நாற்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தது. வேலையில் நிம்மதி உண்டா, சாப்பிட நேரம் கிடைக்கிறதா என்றெல்லாம் விசாரணை. அவள் அதை மருந்து வண்டிமேல் வைத்து, நாற்பதிலும் 'மிகவும் திருப்தி' என்று டிக் போட்டுவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் சிநேகிதி பிடித்துக்கொண்டாள்.

"சாப்பாட்டு நேரம் திருப்தியா? உன் டிபன் டப்பா தினமும் போன மாதிரியே திரும்பி வருதே."

"எதுக்குடி வம்பு? வேலை போயிட்டா?"

"அதுல பேரே எழுத வேண்டாம்னு போட்டிருக்கு. கேள்வியைப் படிச்சியா இல்லியா?"

படிக்கவில்லை. மறுநாள் தலைமை நர்ஸிடம் போய், தப்பாக நிரப்பிவிட்டேன், வேறொரு தாள் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். முதல் நாலு கேள்விக்கு ஒவ்வொரு வார்த்தைதான் எழுதினாள். அப்புறம் தாளின் பின்பக்கமும் போதவில்லை. பதினெட்டுக் கட்டிலுக்கு இரண்டு பேர், மூன்று தடவை தள்ளிப்போன லீவு, முட்டிவலி, ஒன்றையும் விடவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பியபோது வேலை போயிற்று என்றே நினைத்தாள். தாளில் பேர் இல்லைதான். ஆனால் தினமும் நோயாளிக் குறிப்பு எழுதும் கையெழுத்தை வார்டில் யாருக்குத் தெரியாது? அந்த அம்மாள் திட்டவில்லை. மதியம் அரைமணி நேரம் மாற்று ஆட்கள் வருவார்கள், நீயும் உன் சிநேகிதியும் போய் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றாள். லீவு மட்டும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

முதல் நாள் ஏழே நிமிஷத்தில் டப்பா காலி. வார்டில் மணி அடித்ததும் எழுந்துவிட்டாள். பக்கத்திலிருந்த சிநேகிதி தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காரு. அந்த மணி உனக்கில்ல."

மீதி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஊருக்குப் போன் போட்டாள். புருஷன் பதறிப்போனான்.

"என்னாச்சு? பட்டப்பகல்ல கூப்பிடறே? வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"ஒண்ணுமில்லங்க. சும்மாதான்."

அவன் நம்பவில்லை. மூன்று முறை கேட்டான். பிறகு சமாதானமாகி, தண்ணீர் மோட்டார் ரிப்பேரான கதையை ஆதியோடந்தமாக ஆரம்பித்தான். அவள் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.