காரின் பின் தரை, இடது பக்கம்

காலை எட்டு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பீடித் துண்டு. பாதி பிடித்து நசுக்கிய துண்டு. அது ஷெட்டின் சிமெண்டுத் தரையில் கிடந்தது. நானோ காருக்குள் குனிந்திருந்தேன். எங்கள் பழைய அம்பாசிடரின் பின் இருக்கை இருந்த இடத்தில் தலையை விட்டு, காரின் தரையில் விழுந்திருந்த ஓட்டை வழியாக, பூமியில் கிடந்த பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்முளுதுதானுங் சார், நேத்து போட்டது" என்றார் மாதேஷ், நான் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டதைப் போல.

மாதேஷ் டிங்கரிங் வேலை செய்பவர். ஊர் ஹனூர் பக்கம். மைசூர் விஜயநகருக்கு வெளியே ரிங் ரோட்டோரம் தகரக் கூரை போட்டு இருபது வருடமாகப் பழைய வண்டிகளை அறுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். கன்னடக்காரர்களிடம் கன்னடம், என்னிடம் கோயமுத்தூர் வாடை அடிக்கும் தமிழ். அப்பா இறந்த பிறகு பதினோரு வருடம் தார்ப்பாய்க்குள் நின்ற காரை நான் அவரிடம் இழுத்துக்கொண்டு வந்ததற்கு ஒரே காரணம் அம்மாவின் முழங்கால். என் புதுக் காரில் பள்ளத்தில் இறங்குவதுபோல் இறங்கி உட்கார வேண்டும். எண்பத்து நான்கு வயதில் அது நடக்காது. "நம்ம பழைய வண்டியில நாற்காலி மாதிரி உக்காரலாம்டா. அதுல என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ" என்று போன மாதம் சொன்னாள். நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.

இஞ்சின் அரை நாளில் உயிர் பெற்றுவிட்டது. கார்பெட்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதற்காகத்தான் அன்று காலை போயிருந்தேன்.

பழைய வீட்டு வண்டியின் கார்பெட்டை உரிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமல் இருப்பதே நல்லது. மேலே சாம்பல் நிற சிந்தெடிக் கார்பெட். மாதேஷ் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். ஆறின புண்ணின் பொருக்கு வருவதுபோல் ஓரம் வந்தது, நடு வரவில்லை. இன்னும் இழுத்தபோது அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்தது. கூடவே ஒரு நாற்றம். ஈரச் சாக்கு, எலி மூத்திரம், புளித்த பால், மூன்றும் கலந்தது. அதற்கடியில் தேங்காய் நார்ப் பாய். பாய்க்கும் கார்பெட்டுக்கும் நடுவில் சீட்டுப் பஞ்சில் எலி கட்டிய கூடு. கூட்டில் நான்கு குட்டிகள், ரோமம் முளைப்பதற்கு முன்பே செத்துக் காய்ந்தவை. கரப்பான் முட்டைகள். தலைமுடி ஒட்டிய ஆரஞ்சு மிட்டாய் ஒன்று. மாதேஷ் எல்லாவற்றையும் வெறுங்கையால் அள்ளிப் போட்டுவிட்டு, அதே கையால் டீ கிளாஸை எடுத்தார்.

முப்பது வருடம் பத்திரிகை வேலை. ரயில் தண்டவாளத்தில் சிதறியதை எல்லாம் பார்த்து, அளவோடு நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவன். அன்று ஷெட்டுக்கு வெளியே புங்க மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

"நோடபேடி சார், அந்தாண்ட திரும்பிக்குங்" என்றார் மாதேஷ். இரக்கம் வரும்போது அவருக்குக் கன்னடம் கலந்துவிடும்.

நார்ப் பாய்க்கு அடியில் பேப்பர்கள். இந்தப் பழி எனக்குத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விற்காத பிரதிகளைக் கட்டாகக் கட்டி லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவருவேன். கார்த் தரையில் ஈரம் நிற்கிறது என்று அப்பா சொன்னபோது, பேப்பர் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும் என்று யோசனை சொன்னதும் நான்தான். உறிஞ்சிக்கொண்டது. யாரும் வெளியே எடுக்கவில்லை. பிறகு வருடக் கணக்காக அந்த ஈரத்தை இரும்பிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறது. மாதேஷ் உரித்தபோது பேப்பர் கூழாக வந்தது. பாயின் அடிப்பக்கத்தில் மட்டும் சில எழுத்துகள் தலைகீழாக ஒட்டியிருந்தன. நான் போட்ட தலைப்புகளில் இவ்வளவு நாள் நிலைத்தது வேறு இருக்காது.

கடைசியாக வந்தது சிவப்புக் கார்பெட். வலது பக்கம் இன்னும் ரத்தச் சிவப்பு. இடது பக்கத்தில், பின் இருக்கையில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், ஒரு முறம் அளவுக்கு வெளுத்திருந்தது. வெளுத்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்த ஓட்டை.

மாதேஷ் உளியின் பின்பக்கத்தால் சுற்றிலும் தட்டினார். அப்பளம் நொறுங்குவதுபோல் அடுக்கடுக்காகத் துரு உதிர்ந்தது.

"இது மழைத் தண்ணி இல்லீங் சார். மழைத் தண்ணின்னா கதவோரத்துலதான் மொதல்ல புடிக்கும். இது நடுவால இருந்து தின்னுருக்குது. கார்பெட்டும் வெளுத்துருக்குது பாருங். யாரோ என்னமோ ஊத்திருக்கறாங்க, இல்லீங்ளா?"

"பிளீச்சிங் பவுடர்" என்றேன்.

"கார்லயா?" அவர் சிரித்தார். "எந்தப் புண்ணியவானுங் அது?"

எனக்குத் தெரியும். ஏன் ஊற்றினார்கள் என்பதும் தெரியும். நாற்பத்தைந்து வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

மைசூர் என்றால் சந்தனமும் மல்லிகையும் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைத் தூக்குவார்கள். நான் வளர்ந்த மைசூரில் பிளீச்சிங் பவுடர் வாடைதான். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வார்டில் தரையைத் துடைக்கும் கணக்கிலேயே வீட்டையும் துடைப்பாள். வாளித் தண்ணீருக்கு இவ்வளவு பவுடர் என்று ஒரு தகர டப்பா வைத்திருந்தாள். எங்கள் சோற்றிலும் அந்த வாடை இருப்பதாக எனக்குத் தோன்றும். இன்றும் எங்காவது சாக்கடை ஓரத்தில் வெள்ளைப் பொடி தூவியிருந்தால் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. பெருமைப்படுகிற விஷயமில்லை.

அப்போது எங்கள் வீடு ஊரின் கடைசி வீடுகளில் ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் விஜயநகருக்காக மனை அளந்து கல் நட்டிருந்தார்கள். வீடு கட்ட வந்த கூலிக்காரர்கள் தகரமும் சாக்கும் வைத்துக் கொட்டகை போட்டிருந்தார்கள். பெரும்பாலும் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். அந்த வட்டாரத்தில் கார் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். அதுவும் அப்பா மூன்றாவது கையாக வாங்கியது. பள்ளிக்கூட வாத்தியார் அவர். கேட்டால் மறுக்கத் தெரியாது. கொட்டகையில் யாருக்கு வலி எடுத்தாலும் எங்கள் வாசலுக்கு வருவார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். பின் இருக்கை, இடது பக்கம். போகும் வழியில் அந்தப் பெண்கள் வாந்தி எடுப்பார்கள். பனிக்குடம் உடையும். ரத்தமும் போகும். அம்மா டியூட்டி முடிந்து வந்து, பிரசவம் பார்த்த அதே கையால் காரையும் கழுவுவாள்.

மறுநாள் காலை அந்தக் காரில்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கால்களைக் கீழே வைக்காமல் இருக்கையில் மடக்கி வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவேன். "என்ன லேய், ஆஸ்பத்திரி வண்டி வந்திருச்சா?" என்று வகுப்பில் கேட்பார்கள். எனக்கு அந்த வாடை பிடிக்காது. அந்தப் பெண்களையும் பிடிக்காது. பதின்மூன்று வயது. வயதைச் சொல்வது சமாதானத்துக்காக அல்ல, தகவலுக்காக.

அந்த வருடம் அப்பா பெங்களூரிலிருந்து சிவப்புக் கார்பெட் வாங்கிவந்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் அவரும் உட்கார்ந்து வெட்டி, செருப்பு தைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பசையைத் தடவி ஒட்டினோம். பசை காயட்டும் என்று ஞாயிறு காலை நான்கு கதவுகளையும் திறந்து வைத்திருந்தோம். அம்மாவுக்கு அன்று காலை டியூட்டி. அப்பா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று என் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகையிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தார். காலில் சுண்ணாம்பு.

"தம்பி, அப்பா இருக்காருங்ளா? சம்சாரத்துக்கு வலி எடுத்துருச்சு. வண்டி வேணுங்."

"வண்டி ரிப்பேர்."

அவர் காரைப் பார்த்தார். கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே புதுச் சிவப்பு.

"முந்தாநேத்துக்கூட வெளிய எடுத்தாருங்ளே?"

"முந்தாநேத்து ஓடுச்சு. இன்னிக்கு ரிப்பேர்."

"அப்படிங்ளா தம்பி. சரிங்." அவர் என்னிடம் கும்பிடு போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "யாருடா பேசுனது?" என்றார். "பால்காரன்" என்றேன்.

மதியம் மூன்று மணிக்கு அம்மா வந்தாள். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"காலையில யாராவது வந்தாங்களா?"

"வரல."

"மணல் லாரியில ஏத்திட்டு வந்தாங்கடா. மணல் மேலயே ஆயிடுச்சு. ஆம்பளப் புள்ள. அழவே இல்ல." வார்டில் ரிப்போர்ட் சொல்வதுபோல்தான் சொன்னாள். "அந்த ஆளு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, என்ன சொன்னான் தெரியுமா? 'பாவம், உங்க வண்டி ரிப்பேராமுங்களே சிஸ்டர்'னு விசாரிச்சான்டா."

அம்மா என்னை அடிக்கவில்லை. குளியலறைக்குப் போய் வாளியை நிரப்பினாள். டப்பாவால் அளக்காமல் பவுடரைப் பாதிப் பொட்டலம் கொட்டினாள். வாசலுக்கு வந்து, கார்க் கதவைத் திறந்து, பின் இருக்கை இடது பக்கம், அந்தச் சிவப்பின் மேல் வாளியைக் கவிழ்த்தாள். என் கண் எரிந்தது. சிவப்பு முதலில் ஆரஞ்சானது. பிறகு மஞ்சள். பிறகு நிறமே இல்லை.

"இப்ப பழசாயிடுச்சு" என்றாள். "இனிமே யார் வந்தாலும் ஏத்தலாம்."

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். "பைத்தியமாடி உனக்கு?"

"வாந்தி நாத்தம் அடிச்சுது."

"புதுக் கார்பெட்ல எவ வந்து வாந்தி எடுத்தா?"

அம்மா காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. நான் அந்த ஒன்பது நாளும் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உண்மையை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு அப்பா நார்ப் பாயை வாங்கி அந்த வெளுப்பின் மேல் போட்டார். பல வருடம் கழித்துச் சாம்பல் கார்பெட்டை வாங்கி அதன் மேல் போட்டார். பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடும் வழக்கம் எங்கள் வீட்டில் எதிலும் கிடையாது. ஒட்டின சிவப்புக்கு அடியில் போன பிளீச்சிங் தண்ணீர் காயவே இல்லை.

கொட்டகையிலிருந்து அதன் பிறகு யாரும் வண்டி கேட்டு வரவில்லை. வண்டி ரிப்பேர் என்று அவர்களுக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"சார், என்ன பண்றதுங்?" மாதேஷ் கேட்டார். "மேலாப்ல துருவைத் தேச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, தகரத் துண்டு ஒண்ணு வெச்சுக் கார்பெட்டைப் போட்டு மூடிரலாம். அஞ்சாறு வருசம் வெளிய தெரியாது. இல்லாட்டி மொத்தமா வெட்டிப் போட்டுப் புது ஷீட் வெச்சு வெல்டிங் அடிக்கோணும்."

"வெட்டுங்க."

"பத்து நாள் ஆகுமுங்."

"ஆகட்டும். வெட்டுங்க."

வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன். நாற்றம் போகவில்லை. அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள்.

"வண்டி வந்துச்சா?"

"தரையில ஓட்டைம்மா. பத்து நாள் ஆகும்."

"எந்தப் பக்கம்?"

"பின்னாடி. இடது பக்கம்."

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். "நான் ஊத்துனதுதான" என்றாள்.

அவளாகப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் கேட்டுவிட்டேன். நாற்பத்தைந்து வருடமாகக் கேட்காத ஒரே கேள்வி.

"நம்ம வண்டியில வந்திருந்தா அந்தக் குழந்தை பொழச்சிருக்குமாம்மா?"

"நீ பேப்பர்காரனாக் கேக்குறியா, என் பையனாக் கேக்குறியா?"

"பையனா."

"அப்ப தெரியாதுடா" என்றாள். பிறகு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் பேப்பர்காரனாகத் திரும்பக் கேட்கவில்லை. அந்த ஆளின் பெயரை அன்றும் நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பழைய பிரசவ ரிஜிஸ்தர்களைப் புதுக் கட்டடம் வந்தபோது எரித்துவிட்டார்கள். வீடுகள் கட்டி முடிந்ததும் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டு அவர்களும் போய்விட்டார்கள்.

கொட்டகைகள் இருந்த இடம் இப்போது எங்களுக்கு அடுத்த குறுக்குத் தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது வீடுகள். எல்லா வீட்டு வாசலிலும் கார் நிற்கிறது.