மூன்று ஐம்பதிலிருந்து ஒரே பாட்டு

சரியாக மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு என் மகளைக் கூப்பிட்டேன். கவலைப்பட்டுக் கூப்பிடவில்லை. குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. இரண்டு நாள் ஆகும் என்றவர்கள் திடீரென்று வந்து நின்றார்கள். தஞ்சாவூர் போயிருக்கும் மகள் திரும்பும்போது கும்பகோணத்தில் டிரைவருக்கும் அவர்கூட வந்தவருக்கும் பரோட்டா வாங்கி வரவேண்டும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

அவள் எடுக்கவில்லை. பாட்டுதான் பாடியது.

அது ஒரு ஜப்பான் கார்ட்டூனின் தொடக்கப் பாட்டு. கார்ட்டூன் என்றால் அவளுக்குக் கோபம் வரும், 'அனிமே' என்று திருத்துவாள். முதலில் ஒருவன் காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல முணுமுணுப்பான். திடீரென்று பத்துப் பேர் சேர்ந்து கத்துவார்கள். அவளை யார் கூப்பிட்டாலும் மணி அடிக்கும் சத்தத்துக்குப் பதில் இதுதான் கேட்கும். அவளுக்கு இருபது வயது, பி.காம். கடைசி வருடம். பெண் கேட்டு யாராவது கூப்பிட்டால் இதைக் கேட்டு என்ன நினைப்பார்கள் என்று ஒருமுறை சொன்னேன். "கேட்டுட்டு வெச்சிடுவாங்க. எனக்கு வேலை மிச்சம்" என்றாள்.

அவள் ஒன்றாம் வகுப்பு படித்தபோது இந்த மாதிரிப் பாட்டுகள் டிவியில் தமிழிலேயே வந்தன. சாயங்காலம் அந்தப் பாட்டு ஆரம்பித்தால்தான் வாயைத் திறப்பாள். அது முடிவதற்குள் நாலு வாய் தயிர்சாதம் ஊட்டிவிடுவேன். எனக்கே மனப்பாடம். பாத்திரம் கழுவிக்கொண்டு பாடியிருக்கிறேன். வளர்ந்தால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடுவதற்குப் பதிலாக ஜப்பான் மொழிக்கே போய்விட்டாள். வரிகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அரையாண்டுத் தேர்வுக்குப் படிப்பதுபோலப் படித்தாள்.

தஞ்சாவூரில் இவளைப்போலப் பதினைந்து பேர் இருக்கிறார்களாம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பேக்கரி மாடியில் இருக்கும் டியூஷன் அறையில் கூடிப் பாடுகிறார்கள். முதலில் சின்ன வயதில் கேட்டவை, பிறகு இப்போது வந்திருக்கும் புதியவை. மூன்று மாதம் கெஞ்சினாள். நான்காவது மாதம் சரி என்றேன். நான் போட்ட ஒரே நிபந்தனை, நான் கூப்பிட்டால் எடுக்கவேண்டும் என்பது.

இரண்டாம் முறையும் பாட்டுதான். மூன்றாம் முறை பாட்டுக்கு நடுவே ஒரு பெண் குரல் வந்து ஸ்டாரை அழுத்தச் சொன்னது. எதற்கு என்பது காதில் விழவில்லை. பக்கத்தில் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாலும், கரண்ட் போனதென்று புகார் சொன்னாலும் எதையாவது அழுத்தினால்தானே அடுத்த இடத்துக்குப் போகிறது? அந்தப் பழக்கத்தில் அழுத்திவிட்டேன். பாட்டு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒரு குறுஞ்செய்தி வந்தது. எம்.ஏ. படித்த நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அறுவடையன்று வரப்பில் ஒரு ஆள் நின்று எல்லையைக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். சாய்ந்த பயிரில் வரப்பு எங்கே என்று டிரைவருக்குத் தெரியாது. கொஞ்சம் அசந்தால் பக்கத்து வயலையும் சேர்த்து அறுத்துவிடுவார். என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அதனால் அந்த ஆள் நான்தான். நின்ற இடத்திலேயே அழைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, போனப் பாக்காதீங்க, வரப்பப் பாருங்க!" என்று டிரைவர் மேலேயிருந்து கத்தினார்.

"பொண்ணு போன எடுக்க மாட்டேங்குது தம்பி."

"எந்த வீட்டுப் பொண்ணு எடுக்குது? என் பொண்டாட்டியே எடுக்க மாட்டா. கைய காட்டுங்க, இதுவரைக்குமா உங்களுது?"

நான்கு ஐந்துக்கு, அவளை அழைத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் தெரியாத எண் ஒன்று வந்தது. மனை விற்கிறவர்கள் சனிக்கிழமைகூட விடுவதில்லை. துண்டித்தேன். நான்கு பத்துக்கு அதே எண். எரிச்சலில் மறுபடி துண்டித்தேன். நான்கரைக்கு மூன்றாம் முறை வந்தபோது வாய்விட்டே திட்டினேன்.

ஐந்து மணிக்குத்தான் எனக்கு உறைத்தது, மனை விற்கிறவர்கள் மூன்று முறை கூப்பிடமாட்டார்கள் என்று. அந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒரு ஆண் எடுத்தார்.

"தஞ்சாவூர்ல பேக்கரிங்க. ஒரு பொண்ணு போன் கேட்டுச்சு, குடுத்தேன்."

"என் பொண்ணுதாங்க. எங்க அவ?"

"அதோட போன் தொலஞ்சுபோச்சாம். எவனோ எடுத்து வெச்சிக்கிட்டு, கூப்பிட்டா கட் பண்றான்னு அழுதுச்சுங்க. டீ குடிம்மான்னேன், வேணாம்னுட்டு அவனப் புடிக்கப் போறேன்னு கெளம்பிடுச்சு."

"யாரு கூடங்க?"

"தனியாத்தான். எந்தப் பக்கம் போச்சுன்னு பாக்கலீங்களே. கடையில கூட்டம்."

எனக்கு எதுவும் புரியவில்லை. நான் அழைக்கும்போது யாரும் துண்டிக்கவில்லையே, பாட்டு முழுதாகப் பாடி முடிக்கிறதே? திருடன் என் எண்ணைப் பார்த்தால் மட்டும் விட்டுவிடுகிறானா? மறுபடி அழைத்தேன். அந்த முணுமுணுப்பும் கத்தலும் எனக்கு வரிசை மாறாமல் தெரிந்துவிட்டன. ஐந்தரைக்கு அது நின்றது. 'ஸ்விட்ச் ஆஃப்' என்று குரல் வந்தது. இரண்டு மணி நேரமாகச் சபித்த பாட்டு, ஒரே ஒருமுறை இன்னும் பாடக்கூடாதா என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணிக்குக் கணவர் கூப்பிட்டார். வயலில் நெட் வராது, அதனால் சாதாரண அழைப்பு.

"என்ன விளையாட்டு இது? உன் போன்லயும் அந்தக் கத்தல வெச்சிருக்க?" என்றார். "அவளக் கூப்பிட்டுட்டோமோன்னு நம்பர ரெண்டு தடவ பாத்தேன்."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். குறுஞ்செய்தியைத் திறந்தேன். ஸ்டாரை அழுத்தியதால் அவளுடைய பாட்டு என் எண்ணுக்கும் வைக்கப்பட்டுவிட்டது என்று அதில் இருந்தது. அவள் பேக்கரிக்காரரின் போனில் என் எண்ணைத்தான் போட்டிருக்கிறாள். அவளுடைய பாட்டே கேட்டதும், கைப்பழக்கத்தில் தன் எண்ணைப் போட்டுவிட்டதாக நினைத்திருக்கிறாள். எடுத்தவன் பேசட்டும் என்று அதே எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறாள், மூன்று முறையும் யாரோ துண்டித்தார்கள். அந்தத் திருடன் நான்தான்.

கணவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "அவ எங்க இப்ப?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "வந்தா, தஞ்சாவூர் பாட்டுக் கச்சேரியெல்லாம் இதோட முடிஞ்சுதுன்னு சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அப்போது அதைவிட நியாயமான வார்த்தை உலகத்தில் இல்லை என்றுதான் தோன்றியது.

தஞ்சாவூரில் நடந்ததை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். போனைச் சைலண்டில் போட்டு, பாடிய அறையிலேயே விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி ஓடி வந்தால் கூட்டம் கலைந்து அறை பூட்டியிருக்கிறது. அப்பாவின் சிங்கப்பூர் எண் நினைவில் இல்லை. என்னுடையது ஒன்றுதான் மனப்பாடம், அதுவும் இப்படி ஆயிற்று. டியூஷன் நடத்துகிறவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, போனை உள்ளேதான் விட்டேன், கட் பண்ணுகிற திருடனும் உள்ளேதான் இருப்பான் என்று சொல்லி அவரையும் கம்போடு அழைத்து வந்து திறந்தபோது, போன் ஜன்னலோரம் அப்படியே கிடந்திருக்கிறது. நான் அடித்த நாற்பது அழைப்பில் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. சார்ஜ் போட்டுக்கொண்டு நின்றால் கும்பகோணத்தில் ஊர்ப் பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று ஓடியிருக்கிறாள்.

இதெல்லாம் தெரியாமல் நான் இயந்திரத்தின் விளக்கு வெளிச்சத்தில் நின்று, சொல்லவேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். முதலில் அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்பது மட்டும் முடிவாகவில்லை. கடைசி மூலையை டிரைவர் அறுத்துக்கொண்டிருந்தார்.

ஏழு நாற்பதுக்கு வரப்பில் ஒரு உருவம் வந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். சுடிதார் முழங்கால்வரை சேறு. அழுது காய்ந்த முகம். எனக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"ம்மா, ஒண்ணு சொல்லிடறேன், அப்பறம் எவ்ளோ வேணா திட்டிக்க. அடுத்த மாசமும் கூட்டம் இருக்கு. நான் போவேன்."