பதினாறு மில்லிமீட்டர்

அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், சாக்கடை ஓரத்துச் செடியில் நாலு பூவைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். சமையலறை டப்பாக்களில் பாதி காய்ந்த பூக்கள்தான். ஒருநாள் டீத்தூள் என்று நினைத்து அதில் ஒன்றைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டார் கணவர். "இன்னும் உசிரோடதான் இருக்கேன், இதையும் எழுதிக்கோ" என்றார். அவளும் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

வயது நாற்பத்திரண்டு. ஆராய்ச்சி மாணவி என்ற பெயரோடு இது ஏழாவது வருஷம். இதுவரை நாற்பத்தேழு காட்டுப் பூக்களை உலர்த்தி, அரைத்து, ஆல்கஹாலில் ஊறப்போட்டுச் சாறெடுத்தாயிற்று. ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையில் பாதிப் பூக்கள் தேறின. சாறு பட்டதும் சோதனைக் குழாயில் இருந்த ஊதாக் கரைசல் கண்ணெதிரே வெளுத்தது. "அது டீயிலயும்தாம்மா இருக்கு" என்று நெறியாளர் தட்டிக்கழித்துவிட்டார். பாக்டீரியாவைக் கொல்லும் பூ ஒன்றாவது வேண்டும். அது கிடைத்தால் ஆறு மாத நீட்டிப்பு, அதற்குள் பட்டம். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நாற்பத்தெட்டாவது, ரயில் பாதை ஓரத்து மஞ்சள் பூ. அதன் சாற்றில் நனைத்த சின்னக் காகித வட்டுகளைப் பாக்டீரியா தடவிய தட்டில் வைத்தாள். மறுநாள் தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்க, அந்த வட்டுகளைச் சுற்றி மட்டும் பளிச்சென்று வெறும் வளையம். அளந்தாள். பதினாறு மில்லிமீட்டர்! நெறியாளர் துள்ளிக் குதிக்காத குறை. வெள்ளிக்கிழமை நீட்டிப்பை முடிவுசெய்யும் குழுவின் முன் காட்டிவிடலாம் என்றார்.

அவளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். தட்டு வைத்த அன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மணிக்கணக்கில் காயவேண்டிய வட்டுகளை அரைமணி நேரத்தில் எடுத்து வைத்துவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் ஆல்கஹால் வட்டோ போன வாரமே நனைத்தது, சருகாகக் காய்ந்திருந்தது. அது சும்மா இருந்ததில் ஆச்சரியம் என்ன? பாக்டீரியாவைக் கொன்றது பூவா, காயாமல் மிச்சமிருந்த ஆல்கஹாலா?

இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள். புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் இன்னொரு தட்டு வைத்தாள். ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்த பூச்சாற்று வட்டு, இன்னொரு பக்கம் ஈரம் போகாத வெறும் ஆல்கஹால் வட்டு. வியாழன் காலை மூடியைத் திறந்து அளவுகோலை வைத்தாள். பூவைச் சுற்றிப் பாக்டீரியா கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஆல்கஹாலைச் சுற்றி அதே பதினாறு.

தட்டைத் தூக்கிக்கொண்டு நெறியாளர் அறைக்குப் போனாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப கழுவி வச்சுடு. நாளைக்குப் பழைய படத்தையே காட்டலாம். பட்டம் வாங்கிட்டு அப்புறம் நிதானமா சரிபண்ணிக்கலாம்."

ஒரு கணம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். ஏழு வருஷம் சும்மாவா? ஆனால் புண்ணோடு வருகிற எவனுக்கோ இந்தப் பூவை நம்பி மருந்து போட்டால் என்னாகும் என்று நினைத்ததும் உடம்பு கூசியது.

"இதை லேப் நோட்டுல ஏத்திட்டுத்தான் சார் வந்தேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு தட்டுகளையும் காட்டினாள். நீட்டிப்பு இல்லை என்று சொல்லக் குழுவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள். பேச்சு வருமுன் அழுகை வந்தது.

"எல்லாம் போச்சுங்க."

"சரி விடு, வீட்டுக்கு வா. அந்த மஞ்சப் பூ டப்பாவைக் காலி பண்ணிடட்டுமா? உன் கண்ணுல படவே வேண்டாம்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஐயோ, வேண்டாங்க. இன்னும் அதோட வேரைப் பாக்கலையே!"