எல்லையாகக் கிடந்த கிணற்றுக் கயிறு

ஒரு ராஜ்யத்தின் எல்லையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய், அதே எல்லையால் ஒரு குடம் தண்ணீர் இறைத்திருக்கிறீர்களா? நான் இறைத்திருக்கிறேன். ஓசூருக்கு வடக்கே, மைசூர் ராஜ்யத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது எங்கள் துவக்கப்பள்ளி. அதன் கிணற்றுத் தாம்புக்கயிறுதான் அந்த எல்லை. தேங்காய் நார்க் கயிறு. ஒரு முனை வாளியில் உரசி உரசி மெலிந்தது. நடுவில் யாராலும் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சு. அந்த முடிச்சில் கை படும்போதெல்லாம் எனக்கு என்னோடு வேலை பார்த்த ஒன்றாம் வகுப்பு டீச்சரின் ஞாபகம் வந்துவிடும்.

அது ராஜ்யங்களை மொழிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த வருடம். ஓசூர் சென்னையோடா மைசூரோடா என்று டீக்கடைகளில் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. நான் அங்கே மூன்றாம் வகுப்பு வாத்தியார், புத்தம் புதிய பி.ஏ. என் படிப்பைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் கிருஷ்ணகிரி மலையைவிட உயரம். மூன்றாம் வகுப்புக்குச் சமூகபாடத் திட்டம் எழுதச் சொன்னார்கள். அச்சடித்து வந்த திட்டத்தைப் புரட்டினேன். முதல் பருவத்திலேயே கடற்கரை, கலங்கரை விளக்கம்! எங்கள் பிள்ளைகள் பார்த்ததிலேயே பெரிய தண்ணீர் பாரூர் ஏரி, அதையும் பார்த்தவர்கள் இரண்டே பேர். அதை மூடி வைத்துவிட்டு இரண்டே நாளில் புதிதாக ஒன்று எழுதினேன். முதல் வாரம், இன்றைக்குத் தின்ற களிக்கு ராகி எங்கிருந்து வந்தது. இரண்டாம் வாரம், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு யார் வீட்டு மாடு போனது. மூன்றாம் வாரம், உன் மாமன் வீடு எங்கே. நான்காம் வாரம், எல்லை, நானே வரைந்த மேப்போடு. உலகத்தையே புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி அதை டீச்சரிடம் நீட்டினேன்.

டீச்சருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நாலு வருடமாகத் தற்காலிக வேலை. அந்த மாதம் வரப்போகிற டெபுடி இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் நல்லதாக ஒரு வரி எழுதினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் அந்த வருடத்தோடு வீட்டுக்கு. அந்த நிலைமையிலும் வாய் மட்டும் அடங்காது. “மாமன் வீடு நல்லாருக்குதுங்க பி.ஏ. சார். ஆனா பாதி மாமனுங்க மைசூர் பக்கம் அத்திப்பள்ளியில, ஆனேக்கல்ல இருக்கறாங்க. உங்க மேப்புல அந்தப் பக்கம் வெறும் வெள்ளையா இருக்குது. மாமன் செத்துட்டான்னு புள்ளைங்க அழுவாங்க, பரவாயில்லீங்களா?” எனக்குச் சுருக்கென்றது. உடனே, வகுப்புத் தரை முழுக்கப் படம் போடுவோம், இரண்டு பக்கமும் போடுவோம் என்று குதித்தேன். ஓசூருக்கு ஒரு செங்கல், கிருஷ்ணகிரிக்கு ஒரு கருங்கல், பாரூர் ஏரிக்குத் தட்டில் தண்ணீர், அத்திப்பள்ளிக்கு ஒரு கவிழ்த்த கொட்டாங்கச்சி. எல்லைக்குச் சாக்கட்டியை எடுத்தேன். “கோடு போட்டுடாதீங்க சார். அவங்களே இன்னும் போட்டு முடிக்கல” என்று சொல்லிவிட்டு, டீச்சர் போய்க் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ் தாண்டுகிற இடம் அந்த முடிச்சு என்று நாங்களே தீர்மானித்தோம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காவிரிக் கரைக்காரர், கன்னடம் ஒரு சொல் தெரியாது. தரையில் கிடந்ததையெல்லாம் சந்தேகமாகச் சுற்றிவந்து, “எல்லைன்னா என்ன? யார் சொல்றது?” என்றார். முன்வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்தாள். “எங்கேன்னு அர்த்தம் சார்!”

அவள் வீட்டில் கன்னடம். கன்னடத்தில் ‘எல்லி’ என்றால் எங்கே. அந்த வாரம் முழுக்க நான் எல்லை, எல்லை என்று முழங்கியதை அவள் எங்கே, எங்கே என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! வாசலில் நின்ற டீச்சர் உள்ளே வந்து, அவளிடம் கன்னடத்திலேயே “எல்லி?” என்று கேட்டார். அவள் ஓடிப்போய் முடிச்சின்மேல் ஏறி நின்று “இல்லி! இல்லி!” என்று கத்தினாள். இங்கே, இங்கே என்று அர்த்தம். வகுப்பே சேர்ந்து “எல்லி? இல்லி!” என்று கத்தியது.

“என்ன சார் இது, எல்லை இல்லை, எல்லை இல்லைன்னு கோஷம் போடறாங்க! அதுவும் இந்த வருஷத்துல!” இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். டீச்சரின் நாலு வருடமும் அந்தப் பேனா முனையில். “நீங்க கன்னடமா?” என்று டீச்சரைக் கேட்டார்.

“வீட்ல தெலுங்கு, சந்தையில கன்னடம், சம்பளம் தமிழ்லங்க சார்” என்றார் டீச்சர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடர்ந்தார். “எங்கேன்னு கேட்டேன், இங்கேன்னு காட்டறா. நீங்க கேட்டதுக்குப் பதில் மேலயே நின்னுக்கிட்டிருக்கறா சார் அவ.”

இன்ஸ்பெக்டர் கயிற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார். பானை காலி. முடிச்சின் மேலிருந்து அவளே சொன்னாள்: “சார், தண்ணி வேணும்னா எல்லைய எடுக்கணும்.”

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று பாரூர் ஏரியில் விழுந்தது. எல்லையைச் சுருட்டிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன். குடத்தோடு திரும்பியபோது குறிப்பேட்டில் மை காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியையை நிரந்தரமாக்கலாம். மூன்றாம் வகுப்பு ஆசிரியர் சற்றுக் குறைவாகப் பேசலாம். பள்ளிக்கு இன்னொரு கயிறு வேண்டும். டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடமிருந்து குடத்தை வாங்கி அவரே முதலில் குடித்தார்.

ராஜ்யங்கள் பிரிந்தன, ஓசூர் இந்தப் பக்கமே நின்றது. டீச்சர் இப்போது ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. போன வாரம் கார்டு போட்டிருந்தார்: “பி.ஏ. சார், இன்னொரு கயிறு வந்ததா?”

வரவில்லை. இன்று மூன்றாம் வகுப்புக்கு எல்லைப் பாடம், பானையில் தண்ணீர் இல்லை.