பக்கத்துத் தீவும் இறங்கும்

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தபோது, கருத்தரங்குக்கு நான் எடுத்த தலைப்பு எரிமலைத் தீவுகளின் எடையால் கடலடித் தட்டு வளைவது. கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வந்த எனக்கு ஹவாய் தீவுகள் எந்த மூலையோ. ஆனாலும் அந்த வளைவு என்னைப் பிடித்துக்கொண்டது. ஆழத்திலிருந்து ஒரே இடத்தில் சூடு பொங்கி வருகிறது, எரிமலைக் குழம்பு கொட்டிக் கொட்டி மலையாகிறது. கல்லாலான கடல் தரை அந்த எடையைத் தாங்க மாட்டாமல், கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்ததுபோல் தொய்கிறது. தீவைச் சுற்றிப் பள்ளம் விழுகிறது. இன்னும் தள்ளிப் போனால் தரை லேசாக மேடு தட்டுகிறது.

அதற்கு முந்தின வருடம்தான் அப்பா உப்பனாற்றுப் பக்கத்துப் பள்ளத்தில் லோடு லோடாகச் செம்மண் அடித்து மாடி வீடு கட்டியிருந்தார். ஒட்டினாற்போல் அப்பாவின் அக்காவுடைய ஓட்டு வீடு. மாமா போனபிறகு அத்தை அதில் தனியாக இருந்தாள். எங்கள் கிரகப்பிரவேசம் முடிந்த ஆறாம் மாதம், அவள் வீட்டுச் சுவரில், எங்கள் பக்கமாக, விரல் நுழையும் விரிசல் விழுந்தது.

"நீ மண்ணப் பத்திதான படிக்கிற? இது இன்னாத்தால பொளந்துகிச்சி, சொல்லு" என்றாள் அத்தை. அப்பா பக்கத்தில் நின்று என்னையே பார்த்தார்.

எங்கள் ஊரில் இருமல் வந்தாலும் கம்பெனி, கிணறு வற்றினாலும் கம்பெனி. அதில் எது உண்மை, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. "கம்பெனி போருங்க தண்ணிய ஜாஸ்தி இழுக்குது அத்த. அதான் மண்ணு எறங்குது" என்றேன். வாய் கூசாமல் வந்தது. அன்று நானே அதைப் பாதி நம்பினேன்.

கொத்தனார்கள் செய்வதுபோல் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் அது உடையும். ஒரே மாதத்தில் உடைந்தது. இன்னொன்று ஒட்டினேன், அதுவும் உடைந்தது. கம்பெனிமேல் மனு எழுதிக் கொடுத்தேன். உடைந்த துண்டுகளைப் பால் கவரில் போட்டுக்கொண்டு அத்தை திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போவாள். அவளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ரோட்டைத் தாண்டி நான் சிதம்பரம் பஸ் பிடிப்பேன்.

கருத்தரங்கில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பக்கத்துல ஏற்கெனவே பழைய தீவு ஒண்ணு இருந்தா, அது என்ன ஆகும்?"

"அதுவும் சேர்ந்து இறங்கும் சார். புதுத் தீவோட பள்ளத்துக்குள்ளதான் அது நிக்குது."

சரியான பதில். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சாக்பீஸோடு அப்படியே நின்றேன். வீட்டுக் கனத்தில் ஆற்றோரக் களிமண் நசுங்குவதும் கடலடித் தட்டு வளைவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தையின் சுவர் ஏன் எங்கள் பக்கமாகவே சாய்கிறது என்பதும் அந்த நிமிடம் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மாடிய இடிச்சிடலாங்கிறியா? தெரிஞ்சா எங்க அக்கா இந்தப் படி ஏறுவாளா? கம்பெனின்னே இருக்கட்டும், வுடு" என்றார்.

விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான். வேலை தேடி அலைந்த அடுத்த வருடமும், அத்தை கேட்டபோதெல்லாம் புதுக் கண்ணாடி ஒட்டினேன், புது மனு எழுதினேன். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. அறிவிப்பு கேட்டதுமே அத்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். விடிந்து பார்த்தபோது அவள் சுவர் எங்கள் பக்கமாக விழுந்து கிடந்தது, ஓடெல்லாம் அதன்மேல் சரிந்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடி போயிருந்தது, அவ்வளவுதான்.

அத்தை அழவில்லை. ஈரச் செங்கல்லைப் புரட்டிப் புரட்டி எதையோ தேடினாள். "அந்தக் கண்ணாடித் துண்டு எங்க கீதுன்னு பாருடா. திங்கக்கெழம எடுத்துனு போவணும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. செம்மண், மாடி, கனம், கருத்தரங்கு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தீவைப் பற்றியெல்லாம் அத்தைக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள்.

"மனு எழுதுனது நீதானடா?"

"ஆமா அத்த."

"பஸ்ஸு ஏத்தி வுட்டதும் நீதான?"

சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து அழைத்துப் போகும்வரை, மழைத் தூறலில் அந்தச் செங்கல் குவியல்மேலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் படி ஏறவில்லை.