அடைக்கலமேரி காப்பாற்றிய சர்க்கார் கல்

மணமேல்குடிக்குத் தெற்கே இருந்த மீனவர் குப்பத்தில் அடைக்கலமேரியைத் தெரியாதவர் கிடையாது. கருவாட்டுக் கூடையோடு ஆவுடையார்கோவில் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள், அலையோரம் யார் வீட்டு அண்டா கிடந்தாலும் மேட்டில் தூக்கி வைத்துவிட்டுத்தான் தன் கூடையை இறக்குவாள். அந்தக் கரையின் வழக்கம் அது. கடல் ஏறி வந்தால், கண்ணில் பட்டது எவருடையதானாலும் கேட்காமல் மேடேற்ற வேண்டும். மற்றவர்கள் வழக்கத்துக்குச் செய்தார்கள், இவளுக்கு அது பித்து. கரையில் கட்டில் போட்டுத் தூங்கிய அய்யாக்கண்ணுவைக் கட்டிலோடு தூக்கி வைத்தாள் என்பார்கள். அவள் செய்யக்கூடியவள்தான்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துப் புயலுக்குப் பிறகு கடலுக்கு அடங்காப் பசி. வீடுகளை வரிசை வரிசையாக விழுங்கியது. கரை தேய்கிறது என்று அளந்து உறுதியானால் மேட்டில் மனை தருவதாகச் சர்க்காரில் சொன்னார்கள். சர்வே அதிகாரி ஒருவர் வந்து, ஊர்க் கிணற்றை ஒட்டி ஒரு கல்லை நட்டு, அங்கிருந்து அலைவரை சங்கிலி பிடித்து அளந்தார். அடுத்த வருஷம் வந்து மறுபடி அளப்பாராம். கூட வந்த பியூன், இது சர்க்கார் சொத்து, தொலைந்தால் ஊரே பதில் சொல்ல வேண்டும் என்று மிரட்டினான். பாழாய்ப்போனவன், வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

கார்த்திகையில் அலை கல்லைத் தொட்டது. அடைக்கலமேரி பதறிப்போனாள். வலை பின்னிக்கொண்டிருந்த புருஷன் ராசுவை இழுத்து வந்து, கடப்பாரையால் நெம்பி, கயிறு கட்டிச் சுமந்து, கல்லை மேட்டில் நட்டாள். ஏனோதானோ என்று நடவில்லை. அலைக்கும் கல்லுக்கும் முன்பு எவ்வளவு தூரமோ, அதே தூரம். கடல் ஏறியபோதெல்லாம் கல்லும் ஏறியது. முன் வரிசை வீடுகள் போய், அவள் வாசலிலேயே அலை வந்து நின்றது.

அதிகாரி வந்தார், கல்லை மட்டும் பார்த்து அளந்தார். போன வருஷத்துத் தூரம் அப்படியே இருந்தது. கடல் அசையவே இல்லை, மனையும் இல்லை என்று சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். ஊர் மொத்தமும் அடைக்கலமேரியைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் சர்க்கார் கல்லைப் பெயர்த்த குற்றம். சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அவள் அடுப்பில் மீன் நீந்தும். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, நான்தான் கல்லைத் தூக்கி வச்சேங்க. ஒங்க சொத்தைக் கடல் கொண்டுபோனா நல்லாவா இருக்கும்?"

அவர் ஜெயில் என்றார், கேஸ் என்றார், பழைய இடம் எங்கே என்று அதட்டினார். காட்டுகிறேன் என்று அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் இறங்கினாள். வேறு வழியில்லாமல் அவரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். முழங்கால் நனைந்தது, தொடை நனைந்தது, வந்த அலை ஒன்று மிச்சத்தையும் நனைத்தது. தண்ணீருக்கு நடுவே ஒரு கிணற்று உறை தலை நீட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் அதில் இறைத்த தண்ணீரைத்தான் அவர் வாங்கிக் குடித்திருந்தார். சொட்டச் சொட்ட நின்றவர், அங்கிருந்தே சங்கிலியைப் பிடிக்கச் சொன்னார்.

மனை கிடைத்தது. ஊர் மேட்டுக்குப் போனது. கரையில் புதிதாக ஒரு கல்லும் நட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் அலை அதையும் தொட, பெண்கள் கடப்பாரையோடு அடைக்கலமேரியிடம் ஓடி வந்தார்கள். அவளுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"விடுங்கடி, நல்லா நனையட்டும். அப்பத்தான் அளக்க வர்ற ஐயாவுக்குக் குளிரும்."